பால்குடிக் குழந்தையோடு ஒரு பயிற்சி வகுப்பு

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் பாடத்தை உயிர்த்தகவலியல் என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். 2005-இல் நாங்கள் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்றுதான் சொல்வோம். சொல்வோமே தவிர, நான் ஆய்வு செய்துகொண்டிருந்த கல்லூரியில் அதை உட்கார்ந்து செய்து பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

கல்லூரி பாண்டிச்சேரியில். வீடு மரக்காணத்தில். அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். கோடையில் உப்பு இறங்கும் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிவிடும். ஈ.சி.ஆரில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்த நிறத்துக்குக் காரணம் உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள். மற்றதெல்லாம் செத்துப்போகிற உப்பில் அவை சுகமாக இருக்கும். அவற்றைப் பற்றித்தான் என் பிஎச்.டி.

2004 கோடையில் நான் எடுத்துவந்த தண்ணீரிலிருந்து மூன்று வகை வளர்ந்தன. இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை. உப்பில் வாழ்பவை சிவப்பாக இருக்கும் என்றே படித்திருந்ததால் அந்த வெள்ளையின் மேல் எனக்குத் தனி ஆசை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோமோ என்ற நினைப்பை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்தேன். அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. கடல்நீர் கால்வாய் வழியாக உப்பளத்துக்குள்ளும் ஏறியது. வரப்புகள் கரைந்து, பாத்திகள் சேறும் மண்ணுமாகக் கிடந்தன. எங்கள் தெருவில் எல்லோரும் பிழைத்தோம். பக்கத்துக் குப்பங்களில் அப்படிச் சொல்ல முடியாது. நான் அப்போது ஐந்து மாத கர்ப்பம். மறுபடி போய்த் தண்ணீர் எடுப்பதைப் பற்றி யோசிக்கவே கூச்சமாக இருந்தது. ஆகவே கையில் இருந்த அந்த மூன்றுதான் எனக்கு எல்லாம்.

அவற்றை அடையாளம் காண, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மரபணுவைப் பிரித்து வெளியூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். அவர்கள் அதைப் படித்து மெயிலில் அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளே இடைவெளி இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடின. எங்கே தொடங்கிப் படிப்பது, எதோடு ஒப்பிடுவது, ஒன்றும் புரியவில்லை. என் ஆய்வு வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு மைக்ராஸ்கோப்போட சரிம்மா. இதுக்கு மேல நீதான் எங்கயாவது போய்க் கத்துக்கிட்டு வந்து எனக்குச் சொல்லணும்."

சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இரண்டு வாரம் இலவசமாகச் சொல்லித்தருகிறது என்ற அறிவிப்பைத் தேடிப்பிடித்ததும் அவர்தான். குழந்தை பிறந்து கொஞ்ச நாளே ஆகியிருந்தது. எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியத்தில் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

என் கணவர் ஆரோவில்லில் எலக்ட்ரீஷியன். அவருடைய சொந்த ஊர் அதை ஒட்டிய இடையஞ்சாவடி. என் அம்மா நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போதே இறந்துவிட்டதால், கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் அவரே மரக்காணத்துக்கு வந்துவிட்டார். அன்று மாலை வேலையிலிருந்து வந்தவரிடம் சொன்னேன்.

"சென்னை ட்ரெய்னிங் கெடைச்சிருக்குது. ஆனா நான் போகல."

"ஏன்?"

"இவள இன்னா பண்றது? பாட்டில் வச்சா வாயே தொறக்க மாட்டேங்கறா. ஹாஸ்டல்ல குழந்தைய விடமாட்டாங்களாம்."

அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய சட்டைக் காலரை அவள் சப்பத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் லீவு போடறேன். பக்கத்துல ரூம் எடுத்துக்கலாம். நீ உள்ள படி, நான் வெளிய இவள வச்சிக்கறேன். பசிச்சா கொண்டாந்து குடுக்கறேன். இதுல இன்னா இருக்குது?"

"ரெண்டு வாரம் குடுப்பாங்களா?"

"கேட்டாத்தானே தெரியும்."

கேட்டார், கொடுத்தார்கள். அப்பாவுக்குத்தான் ஒப்பவில்லை. "ஆம்பள, புள்ளயத் தூக்கிக்கினு ரோட்ல நிப்பானா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மருமகனிடம் கேட்கவில்லை. புறப்பட்ட அன்று விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தெரிந்த உப்பள மேஸ்திரி, "ஏம்பா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? மெட்ராசு ஆசுபத்திரிக்கா?" என்று விசாரித்தார்.

"இல்லண்ணே. வூட்ல படிக்கப் போறாங்க. நான் புள்ளயப் பார்த்துக்கப் போறேன்."

மேஸ்திரி டீயைக் கையில் வைத்தபடியே என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சரி. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்.

ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை கிடைத்தது. முதல் நாள் காலை கேட்டில் வாட்ச்மேன் என்னை மட்டும் உள்ளே விட்டார். கேட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் என் கணவர் குழந்தையோடும் ஒரு பிளாஸ்டிக் கூடையோடும் நின்றுகொண்டார். கூடையில் துணிகள், கிலுகிலுப்பை, வெந்நீர் பிளாஸ்க். நான் திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்ட வைத்தார்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பெரும்பாலும் சென்னைப் பிள்ளைகள், என்னைவிடச் சின்னவர்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். தலை முழுக்க நரை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலந்தான் இருக்கிறதாம். "பிள்ளைங்க கேள்வி கேக்காங்க. தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் வந்தேன்" என்றார். திரையில் ஜன்னல்களோ படங்களோ இல்லை. கறுப்பாக ஒரு வெறும் திரை, அதில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. லினக்ஸ். சொல்லிக்கொடுத்த இளைஞர், "மௌஸை மறந்துடுங்க, எல்லாமே டைப் பண்ணணும்" என்றார். பேராசிரியர் ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். நான் இரண்டு விரலால். முன்வரிசை மூன்றாவது பயிற்சிக்குப் போனபோது நாங்கள் முதல் பயிற்சியில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று திகைத்துக்கொண்டிருந்தோம்.

காலை இடைவேளைக்கு முன்பே எனக்கு மார்பு கனத்துவிடும். அந்தப் பக்கம் குழந்தையும் அதே நேரத்துக்குச் சிணுங்கத் தொடங்கியிருப்பாள். மணி அடித்ததும் ஓடுவேன். கேட்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் மனைவி உள்ளே ஒரு திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார். குழந்தை அவசரமில்லாமல் குடிப்பாள். நடுவில் நிறுத்தி என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பிடித்து ஆராய்வாள். நான் திரும்பி ஓடிப் போகும்போது வகுப்பு எப்போதும் தொடங்கியிருக்கும்.

முதல் இரண்டு நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. விட்டுப்போனதைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். மூன்றாம் நாள் மூச்சுவாங்க வந்து உட்கார்ந்தபோது எங்கள் திரையில் ஒரு கட்டளை முழுதாக டைப் செய்யப்பட்டு அப்படியே நின்றிருந்தது. மற்ற எல்லோருடைய திரையிலும் விடைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன சார், ஓடலியா?"

"ஓடும். நான் எண்டர் அழுத்தல" என்றார் பேராசிரியர். "நீங்க வந்த பொறவு சேர்ந்து பாக்கலாம்னு வச்சிருந்தேன். எனக்கும் ஒரு தடவை சொன்னா ஏறாது. உங்களுக்குச் சொன்னா எனக்கும் ஏறும். மெதுவா போயிட்டு வாங்கம்மா, குழந்த நல்லாக் குடிக்கட்டும்."

குழந்தை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததென்று நான் கேட்கவில்லை. என் புடவையில் வீசிய வாடையே சொல்லியிருக்கும். அன்றிலிருந்து அவர் எனக்குச் சொல்வதும், நான் அதைத் திருப்பிச் செய்து காட்டுவதுமாகப் போயிற்று. இரண்டு எழுத்து வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பதற்கு அலைன்மென்ட் என்று பெயர். அதை நாங்கள் இருவரும் கையாலேயே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துச் சரியாக வந்ததும், அவர் மேசையைத் தட்டிச் சிரித்ததில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

அறைக்கு வந்தால் என் கணவர் அன்றன்றைக்கு என்ன படித்தேன் என்று கேட்பார். நான் அலைன்மென்ட்டைப் பற்றிச் சொன்னேன்.

"ரெண்டு வயர் கட்டுல கலர் பார்த்து ஜோடி சேர்க்கற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா இதுல சில எடத்துல கலர் மாறிப் போயிருக்கும். நடுவுல கொஞ்சம் வயரே காணாமப் போயிருக்கும்."

"அப்ப ரொம்பக் கஷ்டந்தான்" என்று ஒத்துக்கொண்டார். பகல் முழுக்க அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "நாங்க ரெண்டு பேரும் பஸ் பார்த்தோம். பச்ச பஸ் வந்தா சிரிக்கறா" என்பார். அவர் தோள்கள் வலித்திருக்கும். ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் சென்னையில் மழை விடாமல் கொட்டியது. முதல் வாரத்தின் கடைசி நாள் காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு பெய்தது. ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். நான் கேட்டுக்கு ஓடியபோது என் கணவர் வாட்ச்மேன் கூண்டுக்குள் ஒடுங்கி நின்றிருந்தார். முதுகு முழுக்க நனைந்திருந்தது. குழந்தை மட்டும் துண்டுக்குள் காய்ந்திருந்தாள். வாட்ச்மேன் வெளியே குடையோடு நின்றார். "இன்னாமா பண்றது, பச்சப் புள்ள. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார். அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து பால் கொடுத்தேன். என் கணவர் வெளியே வந்து எனக்கு மறைவாகத் திரும்பி நின்றார், மழையிலேயே. அப்போது ஒரு கார் உள்ளே போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பயிற்சியை நடத்தும் விஞ்ஞானி. எங்களுக்கு மேடம். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வகுப்பு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். பேராசிரியரும் என்னோடு எழுந்து வாசல்வரை வந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"கேட்ல இருந்தது உங்க குழந்தையா?"

"ஆமாம் மேடம்."

"எத்தன நாளா அவர் அப்படி வெளிய நிக்கிறார்?"

"மொத நாள்லேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன் மேடம்."

வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. "என் பையன் இந்த வயசுல இருக்கும்போது எனக்கு வெளிநாட்ல ஒரு ட்ரெய்னிங் வந்தது" என்றார். "நான் போகல. இப்படி ஒரு வழி இருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் தோணல, எனக்கும் தோணல." பிறகு குரல் மாறி, அலுவலகக் குரலில், "வாங்க" என்றார்.

வகுப்புக்கு அடுத்த அறையில் பழைய மானிட்டர்களும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளச் சொல்லி, பெருக்கவைத்து, தன் அறையிலிருந்து ஒரு பாயைக் கொண்டுவரச் சொன்னார். வாட்ச்மேனுக்கு அவரே போன் செய்தார். அடுத்த வாரம் முழுக்க என் கணவரும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தால் எனக்குக் கேட்கும். வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும். சொல்லிக்கொடுக்கும் இளைஞர் ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, "அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு போல" என்றார். அதற்கப்புறம் முன்வரிசைப் பெண்கள் இடைவேளையில் குழந்தையைத் தூக்க வரிசையில் நின்றார்கள்.

கடைசிக்கு முந்தின நாள் அவரவர் ஆய்வு வரிசைகளை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். என்னுடைய மூன்றும் ஒரு சிடியில் இருந்தன. பிளாஸ்ட் என்ற மென்பொருளில் நம் எழுத்து வரிசையைப் போட்டால், உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பொதுவில் சேர்த்துவைத்திருக்கும் வரிசைகளில் எதோடு அதிகம் பொருந்துகிறதென்று தேடிச் சொல்லும். இன்டர்நெட் ஊர்ந்துகொண்டிருந்தது. முதல் சிவப்பு, உப்பில் வாழும் ஒரு தெரிந்த இனம். இரண்டாவதும் அப்படியே. எனக்குச் சந்தோஷந்தான், ஆனாலும் மனசு மூன்றாவதில் இருந்தது. அந்த வெள்ளை. போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

வந்தது. மனிதத் தோலில் சாதாரணமாக இருக்கும் ஒரு பாக்டீரியா. ஓரளவு உப்பைத் தாங்கும். நான் தட்டில் வளர்க்கும்போது எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. வேறு யாரும் அந்தத் தட்டைத் தொட்டதில்லை. அது என் கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேலாக அதை வளர்த்தேன், குளிர்பெட்டியில் பாதுகாத்தேன், சுனாமிக்குப் பிறகு மின்சாரம் போனபோது ஐஸ் வாங்கிவந்து காப்பாற்றினேன். எதிரே திரையில் எழுத்துகள் கலங்கின. பேராசிரியர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இது தெரியாம தீசிஸ் எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? இப்ப நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கல்லா. வெளிய இருந்து ஒருத்தன் கண்டுபிடிக்கல."

அடுத்த அறைக்குப் போனேன். குழந்தை பாயில் குப்புற விழுந்து அட்டைப்பெட்டியைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் என் கணவர் எழுந்துவிட்டார்.

"இன்னா ஆச்சு?"

"அந்த வெள்ள... அது உப்பளத்துதே இல்ல. என் கையிலேர்ந்து வந்ததாம்."

"உன் கைதான்னு கரெக்டா சொல்லிடுச்சா?"

"மனுஷத் தோலுன்னு சொல்லுது. என் கையாத்தான் இருக்கும்."

"அவ்ளோ தூரம் சொல்லுதா அது?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், ஏதோ அங்கே தெரியப்போகிற மாதிரி. "சரி. கோடைல பாத்தி கட்ட ஆரம்பிச்சதும் கைய நல்லாக் கழுவிக்கினு மறுபடி எடுப்போம். உப்பளம் எங்க ஓடிப் போவுது?"

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். குழந்தையும் சிரித்தாள். அவளுக்கு நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு சிடி கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் பயன்படுத்திய இலவச மென்பொருள்களும் பாடங்களும் பயிற்சிகளும் அதில் இருந்தன. மேடம், "இதப் பூட்டி வைக்காதீங்க. காப்பி போட்டுக் கேட்கறவங்களுக்கெல்லாம் குடுங்க" என்றார். குரூப் போட்டோவுக்கு எல்லோரும் நின்றபோது அவர் அடுத்த அறைப் பக்கம் கையைக் காட்டி, "அவங்க ரெண்டு பேர் எங்க?" என்று கேட்டார். என் கணவர் வெட்கப்பட்டு வரமாட்டேன் என்றார். பேராசிரியர் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அந்தப் படத்தில் முப்பது பேர் கேமராவைப் பார்க்கிறோம், என் கணவர் மட்டும் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் கல்லூரியில் சனிக்கிழமைகளில் ஜூனியர்களுக்கு அந்தச் சிடியை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். முதல் வகுப்பில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவர் என் வழிகாட்டி. நான் எழுந்து நின்றுவிட்டேன். "நீ சொல்லும்மா, நான் மாணவன்தான்" என்று பேனாவைத் திறந்தார்.

2006 கோடையில் வரப்புகளைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். உப்பு நன்றாக இறங்கியது. தண்ணீர் சிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையுறை போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய இடத்திலேயே தண்ணீர் எடுத்தேன். அப்பா கரையில் நின்று, "ஆபரேஷன் பண்ணப் போறவ மாதிரி இருக்கறா" என்று சிரித்தார். இந்த முறை எல்லாமே சிவப்பு. அதில் ஒன்று, தெரிந்த இனங்களோடு ஓரளவு ஒத்துப்போனாலும் கொஞ்சம் விலகியே நின்றது. புதிய இனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதிவுசெய்து வைக்கத் தகுந்தது.

அதன் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்பினேன். மரக்காணத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டர் வைத்த ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. ஒரு மாலை அங்கே போய் மெயில் பார்த்தபோது, ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருந்தது. என் கணவர் வேலையிலிருந்து வந்ததும், வீட்டில் அப்பாவிடமிருந்து மகளை வாங்கித் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். அவளுக்கு அப்போது நடக்க வந்துவிட்டது, நிற்கவைத்தால் ஓடிவிடுவாள்.

பதிவைத் திறந்து காட்டினேன். ஆங்கிலத்தில் வரிவரியாக இருந்தது. கீழே அந்த நான்கு எழுத்துகளின் நீண்ட வரிசை. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்துக்கு நேராக உப்பளம், மரக்காணம், தமிழ்நாடு என்று போட்டிருந்தது.

அவர் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"நம்ம ஊரு போட்டிருக்குது."

"நான்தானே குடுத்தேன்."

"அமெரிக்காவுல ஒருத்தன் தேடினா இது வருமா?"

"அவன் வச்சிருக்கறது இதுங்கூட ஒத்துப் போச்சுன்னா வரும்."

அவர் தலையாட்டினார். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி மேசைமேல் நிற்கவைத்து, திரையில் ஊர்ப் பெயர் இருந்த இடத்தைத் தொட்டு, "மரக்காணம். சொல்லு, ம-ரக்-கா-ணம்" என்றார். அவள் அதைச் சொல்லவில்லை. "ணம்" என்றாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. சென்டர்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தப் பக்கத்த ஒரு பிரிண்ட் போடுங்க" என்றார். "கலர்ல."

"எழுத்துதானேப்பா, கலர் எதுக்கு?"

"பரவால்ல, கலர்லயே போடுங்க."